மொட்டை மாடியில் இரண்டு மொட்டைகள்

ஊரடங்கில் எல்லாம் நின்றுபோனது. தலைமுடி மட்டும் நிற்கவில்லை. இதை முதலிலேயே உணர்ந்திருந்தால் என் அப்பாவுக்கு அந்த நிலைமை வந்திருக்காது.

செவிலிமேட்டில் எங்கள் வீடு. மகன் கவினுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளி இல்லை, கிரிக்கெட் இல்லை, சலூனும் இல்லை. முடி கண்ணை மறைத்ததும் ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்தான். பிறகு எங்களிடம் பேச்சையும் அணைத்துவிட்டான். தட்டோடு அறைக்குள் போவான். தட்டு மட்டும் வெளியே வரும். நானும் மனைவி செல்வியும் உண்மையிலேயே பயந்துபோனோம்.

"நானே வெட்டி வுடறேன்டா" என்றேன். என்னிடம் தாடி ட்ரிம்மர் இருந்தது, தைரியம் இருந்தது. (தொழில் தெரிய வேண்டும் என்பது தோன்றவில்லை.)

மொட்டை மாடியில் அவனை உட்காரவைத்து, பழைய வேட்டியைப் போர்த்தி, நெற்றியிலிருந்து ஓட்டினேன். பாதி வழியில் ட்ரிம்மரின் சீப்பு கழன்று விழுந்தது. என் கை பின்னந்தலை வரை போய்த்தான் நின்றது.

மகள் நித்யா எட்டிப் பார்த்தாள். "அப்பா, நடுவுல பாலாறு போவுது. தண்ணி இல்லாத பாலாறு."

கவின் போனில் தலையைப் பார்த்தான். நேராக அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

மதியம் சாப்பிட வரவில்லை. கதவருகே நின்று கெஞ்சினேன். "மொட்டை போட்டுடலாம்டா. சீக்கிரம் வளந்துடும்."

"அப்ப நீயும் போடுப்பா."

என்னுடையது சுருட்டை முடி. செல்வி என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே அதற்காகத்தான் என்று நம்பிக்கொண்டிருப்பவன் நான். (அவள் மறுக்கிறாள்.) "சரிடா" என்றேன். தாழ்ப்பாள் திறந்தது.

மாலையில் மறுபடி மாடி. முதலில் அவன் தலை. பிறகு ட்ரிம்மர் அவன் கைக்குப் போனது. என் தலையிலும் வேண்டுமென்றே ஒரு பாலாறு போட்டுவிட்டுச் சிரித்தான் பாருங்கள், உடைந்துகொண்டிருந்த குரலில் ஒரு சிரிப்பு. வாரக்கணக்கில் நாங்கள் கேட்காத சத்தம் அது. அதற்காக என் காதையும் சேர்த்து வெட்டச் சொல்லியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு விஜயா அக்கா துணி எடுக்க மாடிக்கு வந்தார். அப்பனும் பிள்ளையும் மொட்டை. கோயில்களெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன, வேண்டுதலாக இருக்க முடியாது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் பணிவாகக் கும்பிட்டேன்.

மறுநாள் காலையில் எங்கள் கேட்டில் இட்லி கேரியர் தொங்கியது. பின்னாலேயே பொங்கல், அடுத்து எலுமிச்சை சாதம்.

"ஏங்க, எதுக்கு எல்லாரும் சாப்பாடு குடுக்கறாங்க?" என்றாள் செல்வி.

"நல்ல மனுஷங்கம்மா" என்றேன், மென்றுகொண்டே. கவினும் கூடத்தில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். அந்த மகிழ்ச்சியில் எதையும் ஆராயத் தோன்றவில்லை.

போன் அடித்தது. வாலாஜாபாத்திலிருந்து அப்பா. அந்த மாதங்களில் போன் அடித்தாலே யாருக்கு என்னவோ என்றுதான் எடுப்போம்.

"ஏம்பா, நான் எப்ப செத்தேன்?"

"அப்பா?"

"மாகறல்லருந்து உங்க மாமன் போன் பண்ணி உங்கம்மாகிட்ட அழுவறான். நான் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிக்கினு இருக்கறேன்."

விஜயா அக்காவுக்கும் என் மாமாவுக்கும் மாகறல்தான் சொந்த ஊர் என்பது அப்போதுதான் உறைத்தது. வீடியோவில் வந்து இரண்டு மொட்டைகளையும் காட்டினேன். அப்பா நிதானமாகப் பார்த்தார்.

"உனக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லப்பா."

மாஸ்க் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கேட்டுக்கும் தள்ளி நின்று, என் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். விஜயா அக்கா, "ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த கேரியரைக் கழுவிக் குடுத்துடுங்க" என்றார்.

இன்றும் நான் முடிவெட்டப் போவதற்கு முன் அப்பாவுக்குப் போன் செய்துவிட வேண்டும். வீட்டுச் சட்டம்.

"எவ்ளோ எடுக்கப் போற?" என்பார்.

"ஓரமா மட்டும்தான்பா."

"அப்ப சரி. நான் இருக்கறேன்."