தனசிங் சார் விழுந்த இடம்

"யாரும் வண்டியைத் தொடக் கூடாது. என்னையும் தொடக் கூடாது."

மாடம்பாக்கத்தில் நட்டநடு ரோட்டில் உட்கார்ந்தபடி தனசிங் சார் கத்தினார். பின்னால் நின்ற தண்ணீர் லாரி டிரைவர் அதற்கு மேல் கத்தினார்.

"இன்னா சார், இங்கியே வூடு கட்டப் போறியா?"

தனசிங் சார் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். விபத்து நடந்தால் என்னென்ன செய்யவேண்டும் என்று பள்ளி பள்ளியாகப் போய் வகுப்பெடுத்தவர். அவரையே பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் தட்டிவிட்டது. கணுக்கால் வீங்கிவிட்டது. கண்ணாடி எங்கோ தெறித்துவிட்டது. மங்கலாகத் தெரிந்த ஓர் இளைஞன், கேட்பதற்கு முன்பே சொன்னான்:

"நான்தான் சார் இடிச்சேன். பேரு பென்னி."

முதலில் போட்டோ எடுக்கவேண்டும் என்றார் சார். விழுந்தபோது இப்படி உட்கார்ந்திருக்கவில்லையே என்று நினைவு வர, எழுந்து நின்று, முறைப்படி இன்னொரு தடவை விழுந்து காட்டினார். அதில் இடுப்பும் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டு, இடுப்புக்கு பெல்ட். அடுத்து போலீஸ் ஸ்டேஷன். நடக்க முடியாததால் பென்னியே அவரைத் தூக்கிக்கொண்டு படியேறினான்.

"புகார் யார் மேல சார்?" என்றார் ஏட்டு.

"என்னைத் தூக்கி வச்சிருக்கானே, இவன் மேலதான்."

சாட்சி வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முனையில் தள்ளுவண்டியில் பூ விற்கும் அருள்மேரி, தான் தலையையே நிமிர்த்தவில்லை என்று சாதித்தாள். மனைவி தபீதாள் விட்டுவிடச் சொன்னாள். மகள் ஜோவிதா அழுதேவிட்டாள். இளகிய மனசு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவன் லைசென்சைப் பறிக்காமல் ஓயமாட்டேன் என்று சார் கட்டுக்காலைத் தட்டிச் சொன்னார்.

ஸ்கேன், பிசியோதெரபி, ஸ்டேஷன் என்று எல்லாவற்றுக்கும் பென்னிதான் வந்து அழைத்துப் போனான். தபீதாள் முதலில் காபி கொடுத்தாள், பிறகு இட்லி, கடைசியில் அவனுக்கென்று மீன் குழம்பே வைத்தாள்.

கட்டுப் பிரித்த அன்று சார் மனைவியிடம் கேட்டார்:

"இந்தக் காலத்துல இடிச்சவன் எவன்டி நின்னு ஒத்துக்கிறான்? இப்படி ஒரு உண்மையானவனை நான் பார்த்ததே இல்ல."

புகாரை வாபஸ் வாங்கிய கையோடு கல்யாணப் பேச்சை எடுத்தார். ஜோவிதா தலையைக் குனிந்துகொண்டு, "உங்க இஷ்டம்ப்பா" என்றாள். அவள் அப்படி அடங்கிப் பேசி எங்கள் தெரு கேட்டதே இல்லை.

சர்ச்சில் கல்யாணம் நடந்தது. பள்ளிக்கரணையில் குடித்தனம். சாமான் ஏற்றிய வேன் கிளம்பிப் போனதும், சார் பெருமை தாங்காமல் அருள்மேரியிடம் போய், பொய் சொல்லத் தெரியாத பையன் என்பதற்காகவே பெண்ணைக் கொடுத்ததாகச் சொன்னார்.

அருள்மேரி பூ கட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்:

"உங்கள இட்ச்சிட்டு என் வண்டிக்குக் கீழ பூந்துகினது உங்க பொண்ணு சார். மாப்ள சும்மா பின்சீட்டுல குந்திகினு வந்தாரு."