அறுபத்திரண்டு கோட்டுகள்

"யாருமே வரமாட்டாங்க போலிருக்கு மேடம்." போனில் ஒரியானின் குரல் நடுங்கியது. "கூப்பிட்டது அறுபத்திரண்டு பேர். அத்தனை பேரும் குளிருக்குப் பயந்துட்டாங்க. கல்யாணத்துல நானும் பாஸ்தியேனும் மட்டும்தான்."

பாவம், பெண் அழுகிறது என்று கிஸ்லேனுக்கு மனசு கேட்கவில்லை.

கியூபெக்கின் வடக்கே ஓர் ஏரிக்கரையில் விடுதி நடத்துகிறாள் கிஸ்லேன். ஜனவரியில் அங்கே ஈ ஓட்டக்கூட முடியாது. அந்தக் குளிருக்கு ஈயும் வராது. அப்படிப்பட்ட மாதத்தில் பிரான்சின் தென்கோடியிலிருந்து, மர்செய் நகரத்து ஜோடி ஒன்று தானாகவே வந்து கல்யாணம் செய்கிறேன் என்றால் விடுவாளா? இது நன்றாக நடந்து, பெண் இன்டர்நெட்டில் நாலு நல்ல வார்த்தை எழுதினால் விடுதி பிழைக்கும். இல்லையென்றால் வசந்தத்தில் பூட்டுதான்.

ஜோடிக்கு விவரம் போதாது என்பது மட்டும் ஆரம்பத்திலேயே தெரிந்துபோயிற்று. அழைப்பிதழில் கூரை வரை பனி மூடிய படத்தைப் போட்டு, கீழே கொட்டை எழுத்தில் 'மைனஸ் முப்பது' என்று அச்சடிக்கச் சொன்னதே ஒரியான்தான். இப்படி அழைத்தால் எவன் வருவான்?

"ரோடெல்லாம் அடைச்சுக்குமாமே?" என்று ஒரியான் அப்போதே கேட்டிருந்தாள்.

"சேச்சே! எங்க வீட்டுக்காரரே பனி தள்ளுற லாரிதான் ஓட்டுறாரு. நீ பயப்படாதே கண்ணு."

மறுமுனையில் போன் டொக்கென்று வைக்கப்பட்டது. பயம் தெளிந்துவிட்டது என்று கிஸ்லேன் எடுத்துக்கொண்டாள்.

அழைப்பிதழ்களை அனுப்பியவள் கிஸ்லேன்தான் என்பதால் முகவரிகள் கையிலேயே இருந்தன. ஒரியானிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அறுபத்திரண்டு பேருக்கும் எழுதினாள்: கோட்டு, பூட்ஸ், கையுறை எல்லாம் எங்கள் பொறுப்பு, நீங்கள் உடம்பை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

ஒரே வாரத்தில் அறுபத்திரண்டு பேரும் வருவதாகப் பதில் எழுதினார்கள்.

"எல்லாருமா?" என்றாள் ஒரியான். "சோலாஞ்ஜ் அத்தை கூடவா?"

"அத்தைதான் முதல் ஆளு!"

போனில் ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை போலும்.

கிஸ்லேன் வீடு வீடாக ஏறி இறங்கினாள். தங்கள் ஊர்க் குளிருக்கு விருந்தாளிகள் பயந்தார்கள் என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்கு மானப் பிரச்சினை. வேட்டைக் கோட்டு, ஹாக்கிக் கோட்டு, போன தலைமுறைக் கோட்டு என்று அறுபத்திரண்டும் சேர்ந்துவிட்டன.

மறுவாரம் ஒரியானே கூப்பிட்டாள். "கல்யாணத்தை உள்ளே வேணாம் மேடம். உறைஞ்ச ஏரி மேல வெச்சுக்கலாம். ரெண்டு மணி நேரம், நின்னபடியே. வயசானவங்களுக்குக் கஷ்டமா இருக்குமே, முன்கூட்டியே சொல்லிடுங்க."

எவ்வளவு பெரிய மனசு! கிஸ்லேன் உருகிப்போனாள். ஏரி மேல் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிப்பவர்கள் வைத்திருக்கும் மரக்குடில்களையெல்லாம் டிராக்டரில் இழுத்து வந்து வட்டமாக நிறுத்தினாள். குடிலுக்குக் குடில் விறகு அடுப்பு, உட்கார பெஞ்சு. அத்தைகள் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலைச் சூடுபடுத்திக்கொண்டே கல்யாணம் பார்க்கலாம்.

இதைக் கேட்ட ஒரியான் "அடுப்பு கூடவா?" என்றாள், தீனமாக.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை பனிப்புயல் பிடித்தது. உறவுக்கூட்டம் மொன்ரியால் விமான நிலையத்தில் இறங்கிவிட்டது. ஆனால் காட்டுவழிச் சாலையை மூடிவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னது.

விடுதிக்கு முன்கூட்டியே வந்துவிட்டிருந்த ஒரியான் ஜன்னலருகே கைகூப்பி நின்றாள். "அப்ப யாராலயும் வர முடியாதா? கடவுளே, கடவுளே!"

"கடவுளை ஏன் தொந்தரவு பண்றே? எங்க வீட்டுக்காரர் ரெஜான் இருக்காரு!"

ரெஜான் மீசையில் காபியோடு நிமிர்ந்தான். "ரோடு மூடியிருக்குடி."

"மூடின ரோட்டைத் திறக்குறதுதானே உன் வேலை? கிளம்பு!"

"இருபது வருஷமா உன் பேச்சைக் கேட்டு நான் பட்டது போதாதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே, கோட்டு மூட்டைகளை லாரியில் ஏற்றினான்.

மறுநாள் நண்பகல். முன்னால் பனியை வாரி இறைத்தபடி ரெஜானின் லாரி. பின்னால் இரண்டு மஞ்சள் பள்ளிப் பேருந்துகள். தெரு முழுக்க ஆட்கள் நின்று கை தட்டினார்கள். அறுபத்திரண்டு பேரும் இறங்கினார்கள், ஒருவர் குறையவில்லை.

கல்யாண கவுனோடு ஓடிவந்த ஒரியான் அப்படியே பனியில் உட்கார்ந்து கதறி அழுதாள். பாஸ்தியேன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"பார்த்தியா, ஆனந்தக் கண்ணீர்!" என்று ரெஜானை இடித்துக் காட்டிய கிஸ்லேனுக்கும் கண் நிறைந்துவிட்டது. விடுதி பிழைத்தது.

ரெஜானின் வேட்டைக் கோட்டுக்குள்ளிருந்து சோலாஞ்ஜ் அத்தை கையை நீட்டி, கிஸ்லேனின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மகராசி, நீ நல்லா இருக்கணும்! நாங்க ஒருத்தரும் வந்துடக் கூடாதுன்னு, ஆறு மாசமா உலகப் படத்தை விரிச்சு வெச்சு இவ தேடிக் கண்டுபிடிச்ச ஊரும்மா இது!"