குருவிக்குத்தான் வைத்தேன்

ஊருக்கு ஒருவராவது இவர் இருப்பார். கெட்டவர் என்று இவரை யாரும் சொல்லிவிட முடியாது; இவரோடு உள்ள சங்கடமே அதுதான். கெட்டவர் என்றால் ஏசலாம், பொலிஸுக்குப் போகலாம், ஒன்றும் முடியாவிட்டால் கண்ட இடத்தில் முகத்தையாவது திருப்பிக்கொள்ளலாம். இவரை என்ன செய்வது? எப்போது பார்த்தாலும் கையில் ஒரு நல்ல காரியத்தோடு வருகிறாரே! நல்லெண்ணக்காரர் என்று இவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். எண்ணம் முழுக்க இவருடையது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் மற்றவர்களுடையது.

நம்பவில்லையா? பதுளையிலிருந்து ஹாலிஎல போகும் வீதியில், தேயிலை மலை இறங்கி வந்து வீடுகளின் முதுகைத் தொடுகிற அந்த வளைவுக்கு வாருங்கள். புவாத் ஹாஜியார் அங்கேதான் இருக்கிறார். பஸாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். கை நிறைய நேரம், மனம் நிறையக் கருணை. இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அக்கம்பக்கத்தாருக்கு அப்போது தெரியாது.

குருவிக்குத் தீனி வைப்பது எத்தனை பெரிய நன்மை என்று யாரோ பேசிய வீடியோ ஒன்று அவருடைய போனுக்கு வந்தது. அவ்வளவுதான். கடையிலிருந்து குழாய் வந்தது, சீமெந்து வந்தது, பின்வளவில் குழி வெட்டிக் கம்பம் நாட்டியாயிற்று. கம்பத்தின் உச்சியில் அகலமான தட்டு, தட்டுக்கு மேலே மழை படாமல் சின்னதாக ஒரு தகரக் கூரை, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம். விடிந்தால் குறுணல் அரிசி, கதலி வாழைப்பழம், துண்டு போட்ட பப்பாசி.

ஹாஜியாரின் மனைவி ஸுலைஹா குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு ஒரு நாளாவது ஒரு கோப்ப தேத்தண்ணி ஊத்தித் தந்தில்ல இந்த மனுசன். குருவிக்குப் பப்பாசிய தோல் சீவி வெக்கிறாரு" என்றார். சுவருக்குத்தான் சொன்னார், வேறு யார் கேட்கிறார்கள்?

குருவிகள் வந்தன. அதை மறைக்கக் கூடாது. கொண்டைக்குருவி வந்தது, மைனா வந்தது, பச்சைக் கிளிகள் ஜோடி ஜோடியாக வந்தன. ஹாஜியார் படம் பிடித்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவிலும், பள்ளிவாசல் குழுவிலும், தன்னோடு படித்தவர்களின் குழுவிலும் போட்டார். எல்லாக் குழுக்களிலிருந்தும் மாஷா அல்லாஹ் வந்து குவிந்தது. கொழும்பிலிருந்து ஒருவர் கண்ணீர் விடும் பொம்மை முகங்களை வரிசையாக அனுப்பியிருந்தார். நாளடைவில் குருவி தட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை விட ஹாஜியார் போனில் உட்கார்ந்திருக்கும் நேரம் கூடிப்போனது.

ஒரு காலையில் கிளி உட்கார வேண்டிய இடத்தில் குரங்கு ஒன்று உட்கார்ந்திருந்தது.

பப்பாசியைத் தின்றது. விதையைத் துப்பியது. தண்ணீர்க் கிண்ணத்தில் கை கழுவியது. பிறகு தட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஹாஜியாரை நிமிர்ந்து பார்த்தது. இதைவிட நல்ல சாமான் உள்ளே இல்லையா என்று கேட்கிற பார்வை. கடையில் எத்தனையோ வருடம் அவர் பார்த்துச் சலித்த பார்வை.

"இது உனக்கு வெச்சதில்ல!" என்று ஹாஜியார் கத்தினார்.

அடுத்த நாள் அது தன் சுற்றத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.

நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? தட்டைக் கழற்றுவீர்கள். நல்லெண்ணக்காரர் கழற்றுவாரா? தட்டு தவறில்லை, வருகிறவர்கள்தான் தவறு என்பது அவருடைய கட்சி. ஆகவே ஹாஜியார் கம்பத்துக்குக் கிரீஸ் பூசினார். ஏறிச் சறுக்கிய குரங்கு கொடியில் காய்ந்த அவருடைய வெள்ளை ஜுப்பாவில், அதுவும் வெள்ளிக்கிழமை காலையில், கையைத் துடைத்துவிட்டுக் கொய்யா மரத்தால் தட்டுக்குத் தாவியது. கொய்யாக் கிளையை வெட்டினார், அது கூரையால் வந்தது. பழத்துக்கு மிளகாய்த்தூள் தூவினார், அது கிண்ணத்தில் அலசித் தின்றது. ரப்பர் பாம்பு ஒன்று வாங்கித் தட்டைச் சுற்றிக் கட்டினார், குட்டிக் குரங்குகள் அதன் வாலைப் பிடித்து ஊஞ்சலாடின. கடைசியில் தெரிந்த ஒருவரைப் பிடித்து காட்டு யானையை விரட்டப் போடும் யானை வெடி ஒன்று கொண்டுவந்து கொளுத்தினார். அந்தச் சத்தத்தில் வளைவிலிருந்த குருவிகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. குரங்குகள் யூக்கலிப்டஸ் மரங்களில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தன.

குருவி வராதது ஹாஜியாருக்குத் தாங்கவில்லை. அவற்றை எப்படியாவது திருப்பி அழைக்க வேண்டும் என்று தட்டில் பழத்தைக் கூட்டினார்.

தட்டோ ஒன்று. குரங்குகளோ ஒரு கூட்டம். பெரியவை தட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எங்கே போகும்? பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போயின. அது ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் சிவஞானம் மாஸ்டரின் வீடு. அங்கிருந்து மழைத்தண்ணீர் ஓடும் கானைத் தாண்டிக் கீழே இறங்கின. அங்கே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் இருக்கிறது. லயத்தின் பின்னால், கொழுந்து பறித்துவிட்டு வந்த நேரத்திலெல்லாம் அங்கம்மா பாடுபட்டு வளர்த்த போஞ்சிக்காய்ப் பந்தல் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாஸ்டரும் அங்கம்மாவும் ஒன்றாக வந்து ஹாஜியாரின் வாசலில் நின்றார்கள்.

"ஹாஜியார், இப்ப மழை பெஞ்சா எங்க வீட்டுக்குள்ளயும் பெய்யுது" என்று மாஸ்டர் தொடங்கினார். "கூரை ஓடெல்லாம் பெரட்டிப் போட்டிருக்கு."

"கொரங்கு மாஸ்டர், கொரங்கு! அதுக்கிட்ட நான் என்னத்த சொல்ற?"

"அந்தத் தட்டைக் கொஞ்ச நாளைக்குக் கழட்டி வச்சா..."

"கழட்டினா குருவி எங்க போற?" ஹாஜியாரின் குரல் தழுதழுத்தது. பொய் இல்லை, உண்மையாகவே தழுதழுத்தது. "நான் குருவிக்குத்தான் வெச்சேன் மாஸ்டர். மேல ஈக்கிறவனுக்குத் தெரியும்."

மேலே இருக்கிறவனையே சாட்சிக்குக் கூப்பிட்ட பிறகு மாஸ்டர் யாரைக் குறுக்கு விசாரணை செய்வார்? கூரையைப் பற்றிப் பேச வந்தவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மொதலாளி, பிஞ்சக்கூட விடலீங்க" என்றார் அங்கம்மா. "பந்தக்காலு மட்டுந்தான் நிக்குது. மக வேற புள்ள பெத்து வீட்டுல வந்து இருக்கு. கதவத் தொறந்து வைக்கவே பயமா இருக்குங்க."

ஹாஜியார் அங்கம்மாவை உட்காரச் சொன்னார். நல்லெண்ணக்காரர் ஒருபோதும் யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார். உட்கார வைத்து, காட்டை அழித்தவர்கள் யார், அரசாங்கம் என்ன செய்கிறது, தோட்டத்து நிர்வாகம் என்ன செய்யவில்லை, குரங்கின் வயிறும் வயிறுதானே என்பதையெல்லாம் விளக்கினார். ஸுலைஹா கொண்டுவந்து கொடுத்த தேநீர் ஆறும் வரை விளக்கினார். வந்த இருவரும் போகும்போது, ஏதோ தாங்கள்தான் காட்டை வெட்டியவர்கள் போலத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

அதற்கு அடுத்த வாரம்தான் அது நடந்தது.

அங்கம்மாவின் மகள் துஷாந்தினி மத்தியானம் லயத்து வாசலில் பாய் போட்டு, குழந்தையைக் கிடத்தி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் சாப்பிட எடுத்து வைத்த வாழைப்பழம் ஒன்று பாயில் கிடந்தது. தட்டில் இடம் கிடைக்காத குரங்கு ஒன்று கானைத் தாண்டி வந்தது. அது வந்தது பழத்துக்கு. குழந்தைக்குத்தான் வருகிறது என்று நினைத்த துஷாந்தினி கையைக் குறுக்கே நீட்டி மறித்தாள். மணிக்கட்டில் பல் இறங்கியது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. லயத்து ஆட்கள் கூச்சல் போட்டு ஓடிவந்து, கையில் துணியைச் சுற்றித் திரீவீலரில் ஏற்றி, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

செய்தி கேட்டதும் ஹாஜியார் பதறிப்போனார். பதறாமல் இருப்பாரா? ஆப்பிள் வாங்கினார், திராட்சை வாங்கினார், பெரிய பால்மா டின் ஒன்று வாங்கினார், ஸுலைஹாவையும் கூட்டிக்கொண்டு பார்வை நேரத்துக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றார்.

வார்ட்டில் துஷாந்தினி கட்டிலில் சாய்ந்திருந்தாள். வலது கை முழங்கை வரை வீங்கி, மணிக்கட்டில் பெரிய கட்டு. அங்கம்மாவின் கையில் குழந்தை வீரிட்டது. அவள் இடது கையை மட்டும் நீட்டி வாங்கப் பார்த்தாள், முடியவில்லை. அங்கம்மா குழந்தையை மகளின் மடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விழாமல் தன் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு குனிந்து நின்றார். அப்படியே நின்றார். முதுகு வலித்திருக்கும்.

"வாங்க மொதலாளி" என்றாள் துஷாந்தினி. "பயப்புடுறதுக்கு ஒன்னும் இல்லீங்களாம். ஊசி போட்டுக்கிட்டே இருக்காங்க. கொழந்தைய தூக்கத்தான் முடியல."

ஹாஜியார் பழப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலைச் சுற்றிப் பார்த்தார்.

"பழமெல்லாம் வேணாங்க" என்றார் அங்கம்மா, குனிந்தபடியே. கோபமாகச் சொல்லவில்லை. "அந்தத் தட்ட மட்டும் எடுத்துருங்க மொதலாளி."

ஒரே ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. அது அவருடைய உதடு வரைக்கும் வந்தது. பக்கத்தில் நின்ற ஸுலைஹா அதைக் கண்ணால் கண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் புருஷன் சரி என்று சொல்லப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்கம்மா, நான் குருவிக்குத்தான்..." என்று ஆரம்பித்தார் ஹாஜியார்.

"வாங்க போவம்" என்று ஸுலைஹா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் திரீவீலரில் ஹாஜியார் தன் மனம் எவ்வளவு நொந்து போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். நல்லது செய்யப்போய்க் கெட்ட பெயர். தன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை. எண்ணம், அந்த நிய்யத்து, சுத்தமாக இருந்தும்...

"நிய்யத்து ஒங்களுக்கு, கடி அந்தப் புள்ளைக்கா?" என்றார் ஸுலைஹா.

சாரதி கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் விடியற்காலை ஸுபஹு தொழுதுவிட்டு வந்த ஹாஜியார் பின்வளவில் மொட்டைக் கம்பத்தைத்தான் கண்டார். தட்டை ஸுலைஹா கழற்றியிருந்தார். தண்ணீர்ப் பீப்பாவுக்கு அது அளவாக மூடியாகிவிட்டது.

"குருவிகள் பட்டினி கிடந்து சாகட்டும் என்டா?" என்று ஹாஜியார் கத்தினார்.

"பறந்து போய்த் தேடித் தின்னும். அதுக்குத்தான் ரெக்க குடுத்தீக்கிது."

வழக்கமான நேரத்துக்குக் குரங்குகள் வந்தன. கம்பத்தை அண்ணாந்து பார்த்தன. பிறகு அத்தனையும் சேர்ந்து ஹாஜியாரின் குசினிக்குள் புகுந்தன. சீனி டின் உருண்டது, தேங்காய் உடைந்தது, மருமகனுக்கென்று இனிப்பாகச் செய்து வைத்த வட்டலாப்பம் கிண்ணத்தோடு கூரைக்குப் போனது. நாற்காலியின் மேல், வீடு கூட்டும் தும்புத்தடியோடு ஏறி நின்ற ஹாஜியார் ஜன்னலால் தெருவுக்கே கேட்கக் கத்தினார்:

"இதுகளுக்குத் தீனி போட்டுப் பழக்கினது ஆரு?"

தன் கூரையில் ஓடு சரிசெய்துகொண்டிருந்த சிவஞானம் மாஸ்டர் சிரிப்பில் கீழே விழுந்துவிடாமல் முகட்டைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் வந்து பார்த்துவிட்டுக் குரங்குகள் மலையேறிப் போயின. ஹாஜியாரும் குழுக்களில் அறிவித்தல் போட்டார்: அயலவரின் நலனுக்காக, மனதைக் கல்லாக்கிக்கொண்டு, தன் பறவைகளைப் பிரிந்துவிட்டதாக. இந்த முறை குருவிப் படத்துக்கு வந்ததை விட இரண்டு பங்கு பாராட்டு வந்தது.

துஷாந்தினியின் கை தேறிவர நாளானது. விரல்கள் முன்போல மடங்கவில்லை. ஆனால் குழந்தையைத் தூக்குகிறாள். அங்கம்மா பந்தலைச் சரிசெய்து மறுபடியும் போஞ்சி போட்டார். கொடி ஏறிப் பூ வைத்த சமயத்தில் லயத்து வாசலில் ஒரு திரீவீலர் வந்து நின்றது. உள்ளேயிருந்து ஹாஜியாரும் ஒரு வெள்ளாடும் இறங்கினார்கள்.

"பச்சப் புள்ள ஈக்கிற வீடு. பாலுக்கு ஒரு ஆடு ஈந்தா நல்லம்" என்றார் ஹாஜியார்.

"ஆடெல்லாம் வேணாங்க மொதலாளி. கட்டி வைக்க எடமில்லீங்க."

"ஆண்டவனுக்காகத் தாறன். வேணாமென்டு சொல்லப்படாது."

அங்கம்மா அப்புறமும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். ஹாஜியார் அதற்குள் ஆட்டோடு ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். மறுநாள் காலை அங்கம்மா தோட்டத்தில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு, போஞ்சிப் பூவை எல்லாம் மேய்ந்து முடித்து, கானைத் தாண்டிப் போய் மாஸ்டர் வீட்டு ரோசாச் செடிகளில் நின்றது. மாஸ்டர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஹாஜியாரிடம் போனார்.

"ஆட்டுக்கு வெவஸ்த இல்லாட்டி அதுக்கு நான் என்னத்த செய்யிற மாஸ்டர்?" என்றார் ஹாஜியார், மனம் நொந்து.

உள்ளே ஸுலைஹா கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஆட்டைக் கட்டவா, ஹாஜியாரைக் கட்டவா என்று அவர் சொல்லவில்லை.

நல்லெண்ணக்காரரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். இதைப் படிக்கும்போதே ஒரு முகம் மனதில் வந்திருக்கும்; ஒரு பெயரும் வந்திருக்கும். இதை அவருக்கு அனுப்பி வைத்தால் பாவம், ஒருவேளை திருந்துவார் என்றுகூட உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். தாராளமாக அனுப்புங்கள். உங்கள் எண்ணம் நல்லதுதானே? அவர் அதைப் படித்துவிட்டு, மனம் உடைந்து, பிறகு என்ன செய்தால் உங்களுக்கு என்ன?