சலுகைக் கட்டணத்தில் 99 ஏ.பி.ஓ. போய் வந்த விவரம்

சாலவாக்கம்

அன்புள்ள அண்ணன் டேனியல் அவர்களுக்குத் தங்கை ஞானசுந்தரி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் மச்சானும் ஆடுகளும் சுகம். அங்கே நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள், உன் முழங்கால் இப்போதாவது சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்று எழுதவும். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதி உனக்குக் காதில் விழுவதில்லை, மீதியை அண்ணி வாங்கிப் பேசி அவர்கள் கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து நிதானமாகப் படி.

எல்லாவற்றுக்கும் காரணம் நீதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் முடிந்த வாரம் உன் மச்சானுக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினாய் அல்லவா, முன்னாள் ராணுவத்தினருக்குப் பஸ், ரயில், விமானம், சுங்கச்சாவடி எல்லாவற்றிலும் சலுகை உண்டு, கேட்டு வாங்குவது நம் உரிமை என்று, அதோடு என் வீட்டு நிம்மதி போயிற்று. இத்தனை வருஷமாக யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர், ஏனாத்தூரில் பார்த்த செக்யூரிட்டி வேலையையும் விட்டுவிட்டு வெறுமனே வீட்டில் இருந்தவர், மறுநாள் காலையிலேயே முன்னாள் படைவீரர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்குக் காசு முக்கியம் இல்லை அண்ணா, அது எனக்குத் தெரியும். பின்னே எதற்காக இப்படி அலைகிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நானும் கூடவே போனேன்.

முதலில் உத்திரமேரூர் டவுன் பஸ். கண்டக்டர் வந்ததும் இவர் அட்டையை நீட்டினார். அந்த ஆள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னா சார், பேங்க் கார்டா?" என்றார்.

"எக்ஸ் சர்வீஸ்மேன் கார்டுப்பா. இதுக்கு இன்னா சலுகை கீதுன்னு பாத்துச் சொல்லு."

"சார், இந்த பஸ்ல பொம்பளைங்களுக்குதான் ஃப்ரீ. அம்மாவுக்குக் காசு வாணாம். நீங்க டிக்கெட் எடுக்கணும்."

"நாட்டைக் காத்தவன் நானு. இந்தம்மா வூட்டுலதான் இருந்துச்சு."

"அத்த நான் இல்லன்னு சொல்லல சார். எங்க எறங்கணும், அத்தச் சொல்லுங்க."

பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பெண்கள் பஸ்ஸில் ஏறினால் எதிரியா ஓடிவிடுவான் என்று உத்திரமேரூர் வரும்வரை இவர் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார், நானும் காசு கொடுக்காதவள் என்பதால் பதில் சொல்லாமல் வந்தேன். சுங்கச்சாவடிக் கதையை எழுதப்போவதில்லை. பாஸ்டர் காரில் போகும்போது நடந்தது அது. பணியில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்று அவர்கள் சொல்ல, பணி என்றால் என்ன என்று இவர் கேட்க, பின்னால் நின்ற லாரிக்காரர் சொன்ன விளக்கம் பாஸ்டர் காதில் விழுந்திருக்கக்கூடாத விளக்கம்.

அதற்கப்புறம் செங்கல்பட்டு ரயில் கவுண்டர். அங்கே இருந்தவர் பொறுமையான மனிதர். வீரச் சக்கரம் மாதிரிப் பெரிய பதக்கம் வாங்கியவர்களுக்குப் பாஸ் உண்டு, உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். இவர் நீண்ட நாள் சேவைக்குக் கொடுத்த பதக்கத்தைச் சொன்னார். அது இதில் சேராது என்றார் அவர். அப்புறம் ஏதோ யோசித்துவிட்டு, "போர்ல எறந்தவங்க சம்சாரத்துக்குன்னு ஒரு சலுகை இருந்துச்சு. இப்ப ஓடுதா நின்னுபோச்சான்னு பாத்துதான் சொல்லணும்" என்றார். எனக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. கம்பிப் பக்கம் குனிந்து, "அது சம்சாரத்துக்குங்களா? அதுக்கு இன்னா பண்ணணும்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "ஐயா உயிரோட கீறாரேம்மா."

"ஆமா, கீறாரு" என்றேன் நான்.

நான் சாதாரணமாகத்தான் சொன்னேன் அண்ணா. அதில் ஒரு குறை தொனித்தது என்று சொல்லி உன் மச்சான் வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை. இரவு குழம்பு நன்றாக இருந்ததால் மட்டும் பேசினார்.

இதற்கு முடிவு கட்டியவள் ஷீபா. பாஸ்டர் மகள்தான், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். அவள் தேடிப் பார்த்துவிட்டு, "அங்கிள், பிளேன்ல மட்டும் நெஜமாவே கீது. ரிடையர் ஆனவங்களுக்கும் உண்டு, ஆன்ட்டிக்கும் உண்டு. ஏர்போர்ட்ல அட்டை காட்டணும், அவ்ளோதான். எங்க போறீங்க, சொல்லுங்க" என்றாள். உன் மச்சானுக்கு அப்போதுதான் சந்தேகமே வந்தது, எங்கே போவது என்று. இவ்வளவு நாளும் சலுகையைத் தேடினாரே ஒழிய ஊரைத் தேடவில்லை. நான் யோசிக்காமல், "99 ஏ.பி.ஓ." என்றேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணமான புதிதில் நான் எழுதிய கடிதம் எல்லாவற்றுக்கும் மேல்விலாசம் அதுதான். பட்டாளத்துத் தபால் எண், ஊர் பேர் வெளியே தெரியக்கூடாது என்று வைத்தது, என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள். அது ஒரு ஊர் என்று நினைத்து மானாம்பதி பஸ்காரரிடம் வழி கேட்டவள் நான். அப்புறம் விவரம் தெரிந்துவிட்டது, ஆனாலும் அந்த இடம் எப்படி இருக்கும் என்கிற ஆசை மட்டும் போகவில்லை. கேட்டால் எப்போதும், "அங்க இன்னா கீது, ஒண்ணுமில்ல" என்பார். அன்றைக்கும் அதையே சொன்னார். "ஒண்ணுமில்லாத எடத்துல அத்தினி வருஷம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க? அத்தப் பாக்கணும்" என்றேன். ஷீபா அதற்குள் கௌஹாத்திக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். அங்கிருந்து பஸ்ஸில் தேஜ்பூர் பக்கம், இவர் அப்போது இருந்த கேம்ப்புக்கு.

இனிமேல் அரிசி மூட்டை. முன்னாள் ராணுவத்தினர் கூடுதல் கிலோ கொண்டுபோகலாம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. உன் மச்சான் அதைப் படித்துவிட்டு, கொடுக்கிற கிலோவை யாராவது விட்டுவிட்டுப் போவார்களா என்றார். எங்களிடம் இருந்த துணிமணி ஒரு பையில் பாதிகூட வரவில்லை. எடை போதவில்லை என்று நம் வயல் பொன்னி அரிசியை ஒரு சாக்கில் கொட்டிக் கோணி ஊசியால் தைத்துவிட்டார். அங்கே யாரையுமே நமக்குத் தெரியாதே, யாருக்குக் கொடுக்க என்று கேட்டேன். எடுத்துக்கொண்டு போனால் ஆள் தன்னால் கிடைக்கும் என்றார்.

விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் அட்டையைக் கேட்டாள். இவர் கழுத்தைத் தடவினார், சட்டைப் பையைத் தடவினார், என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். "எங்க வெச்சீங்க?" என்றேன்.

"பத்தரமா இருக்கட்டும்னு வெச்சேன்."

"எங்க?"

"அரிசில."

மூட்டை அதற்குள் ஓடுகிற பட்டையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அட்டை இல்லையென்றால் சாதாரணக் கட்டணத்துக்கு ஆகும் மிச்சத்தைக் கட்ட வேண்டும் என்றாள் அந்தப் பெண், சொல்லிக்கொண்டே பட்டையையும் நிறுத்தினாள். உன் மச்சான் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். பளிங்குத் தரையில் பொன்னி அரிசி கொட்டினால் எவ்வளவு தூரம் ஓடும் என்று உனக்குத் தெரியாது அண்ணா, நான் பார்த்தேன். பின்னால் நின்றவர்கள் எல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள். நான் முழங்கையளவு மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கவுண்டரைச் சுற்றி வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்து அள்ள ஆரம்பித்தாள். அவள் கையில்தான் அட்டை கிடைத்தது. கைக்குட்டையால் துடைத்துப் படத்தைப் பார்த்தாள். எழுந்து நேராக நின்றுகொண்டாள்.

"எந்த ரெஜிமெண்ட் சார்?"

மீசையில் அரிசித் தவிட்டோடு உன் மச்சானும் எழுந்து நின்றார். "சிக்னல்ஸ்மா. லைன்மேன். போன் கம்பி இழுக்கறது."

"எங்க அப்பா நேவி சார். தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ்" என்றாள்.

இவர், "மென்ஷன் நாட்" என்றார். அப்புறம் திரும்பிக்கொண்டு கண்ணாடிச் சுவரையே பார்த்துக்கொண்டு இருந்தார். என்னங்க என்று கேட்டதற்கு, அரிசித் தூசி என்றார். சாலவாக்கத்தில் இவரைத் தெரியாதவர் இல்லை, ஆனாலும் எந்த ரெஜிமெண்ட் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, ஏன், நானே கேட்டதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்புறம் ராணுவத்தினர் முதலில் ஏறலாம் என்று மைக்கில் சொன்னார்கள். அவ்வளவுதான், என்னையும் பையையும் விட்டுவிட்டுப் பரேடு நடையில் போய் ஏறிவிட்டார். நான் கடைசி ஆட்களோடு போய்ப் பார்த்தால், யாரோ ஒருவருடைய சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

99 ஏ.பி.ஓ.வைப் பார்த்த கதைக்கு வருகிறேன். பனிமலை, பனிமலை என்று இவர் எழுதியதை நம்பி நான் ஸ்வெட்டரும் சால்வையும் எடுத்துப் போயிருந்தேன். போய் இறங்கினால் நெல் வயல், ஏரி, வாத்து, எருமை. வேர்த்து ஊற்றுகிறது. சாலவாக்கம் ஏரிக்கரையில் இறங்கிவிட்டோமோ என்று நினைத்தேன், எழுதியிருந்த பலகைதான் வேறு பாஷை. கேட்டில் நின்ற சிப்பாய் இவருடைய அட்டையைப் பார்த்து சல்யூட் அடித்தார், ஆனால் உள்ளே விட அனுமதி இல்லை என்றார். அதனால் இந்தியாவின் அந்த மூலைவரை போய் எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு இரும்புக் கேட்டைப் பார்த்தோம்.

"இன்னாங்க, பனிமலைன்னு எழுதினீங்களே, எங்க?" என்றேன்.

"கம்பத்து மேல இருந்து பாத்தா தெரியும். குளிர் காலத்துல, வெடியகாலைல. தெரியுதுன்னுதான் எழுதினேன். நான் அது மேல கீறேன்னு எழுதலியே."

"அப்ப நான் பின்னி அனுப்பின மப்ளர் எல்லாம்?"

"கம்பம் ஏறுறப்ப பெல்ட் இடுப்ப அறுக்கும். அதுக்குள்ள வெச்சிக் கட்டிக்குவேன். நல்லா இருந்துச்சு."

நீ பாரிஸ் கார்னரில் அலைந்து வாங்கி அனுப்பிய உல்லன் நூல் அண்ணா அது. கோபப்படலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே கேட்டுக்கு உட்புறம் ஒரு மூலையைக் காட்டினார். "அந்தாண்ட ஒரு கம்பம் இருந்துச்சு. உன் லெட்டர் வந்தா அது மேல ஏறிதான் படிப்பேன். கீழ படிச்சா பசங்க புடுங்கிச் சத்தமா படிப்பானுங்க. ரிப்பேர் பண்றேன்னு ஏறிக்குவேன்."

"எந்தக் கம்பம்?"

"இப்ப இல்ல. டவர் வந்துட்ச்சி, கம்பிய எல்லாம் எடுத்துட்டாங்க. அந்த உயரத்துல, பாரு." கையை உயர்த்திக் காற்றில் ஒரு இடத்தைக் காட்டினார். நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை, ஒரு கொக்கு போயிற்று. கடிதத்தில் ஆடு குட்டி போட்டதையும் உன் மாமியார் சண்டையையும் தவிர நான் வேறு என்ன எழுதியிருப்பேன், அதைப் படிக்க ஒரு மனிதன் அவ்வளவு உயரம் ஏறுவானா என்று ரொம்ப நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அரிசி மூட்டையை டீக்கடை அம்மாவிடம் கொடுத்தோம். அந்தம்மா ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துச் சிரித்து, உள்ளே போய் அவர்கள் ஊர் அரிசியில் ஒரு மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டார்கள். போன எடையோடு திரும்பி வந்தோம், சலுகைக் கிலோ ஒன்றும் வீணாகவில்லை.

ஆகையால் அண்ணா, நான் சொல்ல வந்தது இதுதான். இந்தச் சலுகை எல்லாம் நமக்கு ஒத்துவராது. மனிதனை அலைய வைத்து, அரிசியைக் கொட்ட வைத்து, அப்புறம்தான் காசைக் குறைக்கிறார்கள். இனி எங்கேயும் போவதாக இல்லை. நீயும் இம்மாதிரி வாட்ஸ்அப் வந்தால் படித்துவிட்டு உன்னோடு வைத்துக்கொள். அண்ணிக்கு என் அன்பு. உன் முழங்காலுக்காக ஜெபக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

அன்புத் தங்கை
ஞானசுந்தரி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஷீபா வந்தாள். முகம் சரியில்லை. நாங்கள் போன அதே விமானத்தில் அன்றைக்கு எல்லாருக்கும் ஏதோ ஆஃபர் ஓடியதாம். மிலிட்டரி சலுகைக் கட்டணத்தைவிட அது குறைவாம், கவனிக்காமல் போட்டுவிட்டேன் ஆன்ட்டி என்று அழாத குறை. உன் மச்சானுக்கு இது தெரியாது, நீ போனில் உளறிவிடாதே. நான் ஷீபாவிடம், அடுத்த டிக்கெட்டும் மிலிட்டரி பேர்லயே போடு பாப்பா, ஜாஸ்தியானாலும் பரவாயில்ல என்று சொல்லிவிட்டேன். அடுத்து எங்கே ஆன்ட்டி என்று கேட்டாள். அவர் கடைசியாக இருந்தது 56 ஏ.பி.ஓ. அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், அங்கேயும் ஒன்றுமில்லை என்கிறார்.