தேன்சிட்டுக்குப் பின்னால்

கேமரா பழக்கம் உண்டு என்று நான் சொன்னது முழுப் பொய் அல்ல. ராசிபுரத்து ஸ்டூடியோ ஒன்றில் அதன் முன்னால் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன்.

யுத்தத்துக்குச் சற்று முந்தைய வருஷம். சூரமங்கலம் ரயில்வே ஆபீசில் நான் தற்காலிக குமாஸ்தா. எங்கள் எஞ்சினியருக்குப் பறவைப் பைத்தியம். சீமைக் கேமராவும் முழங்கை நீளத்துக்கு ஒரு டெலிபோட்டோ லென்ஸும் வைத்திருந்தார். அவர் பங்களாத் தோட்டத்துச் செம்பருத்தியில் தேன்சிட்டு குஞ்சு பொரிக்கிற சமயம் பார்த்து அவருக்கு மூன்று நாள் வெளியூர்க் கேம்ப் வந்தது. படம் எடுக்க வருமா என்று என்னைக் கேட்டார். வேலை நிரந்தரமாவதற்குக் காத்திருப்பவன் வராது என்றா சொல்வான்?

ஸ்டாண்டு வைத்தால் குருவி மிரளும், கையில் பிடித்துத்தான் எடுக்கவேண்டும், கை ஆடவே கூடாது என்றார். அந்த வாரம் முழுக்க என் மாடி அறையில் செம்பு நிறையத் தண்ணீரை நீட்டிப் பிடித்தபடி நின்று பழகினேன். (மச்சு ஒழுகுகிறது என்று கீழ்வீட்டுக்காரர் புகார் செய்தார்.)

தோட்டக்காரர் மாரப்பன் அதே நாட்களில் வெண்ணந்தூருக்குக் கல்யாணத்துக்குப் போனார். செம்பருத்திக்குப் பின்னால் பன்னிரண்டு முட்டைக்கோஸ். சேலத்தில் அது விளையாது என்று சொன்னவர்களுக்கெல்லாம் விருந்து வைக்க எஞ்சினியர் வளர்த்தவை.

"ஏனுங்க, கேட்டை மட்டும் சாத்தியே வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் மாரப்பன்.

முதல் நாள் காலை பால்காரர் வந்தபோது கேட்டு கிறீச்சிட்டது. குருவி பறந்துவிட்டது. தபால்காரர் வந்தபோதும் அப்படியே. இனி யார் வந்தாலும் சத்தம் வரக்கூடாது என்று கேட்டை அகலத் திறந்து செங்கல்லை முட்டுக் கொடுத்தேன். பிறகு செடி மறைவில் நின்றேன். எறும்புப் புற்றின்மேல் நிற்கிறேன் என்பது இரண்டாவது படத்தில் தெரிந்தது. நகரவில்லை. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணில் குருவியை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று காலைகளில் முப்பத்தாறு படம் எடுத்தேன்.

கடைசிப் படத்தை எடுத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். கோஸ் இருந்த இடத்தில் பன்னிரண்டு தண்டுகள் நின்றன.

செங்கல்லை எடுத்தேன். கேட்டைச் சாத்தினேன். திரும்பி வந்த எஞ்சினியரிடம், கேட்டு சாத்தியேதான் இருந்தது, முயல் வந்திருக்கும் என்றேன். அவர் கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்த மாரப்பனைக் கூப்பிட்டு, வேலி பார்க்கத் தெரியாதவனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை, வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். நான் எறும்புக்கடியைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு டவுன் ஸ்டூடியோவுக்குப் போனார். கழுவிய பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த ஸ்டூடியோக்காரர் மரியாதையோடு சொன்னார்:

"ஆடு ரொம்ப நல்லா உழுந்திருக்குதுங்க."

லென்ஸில் தூரத்துக்குத் தக்கபடி திருப்பும் வளையம் ஒன்று உண்டாம். அதைத்தான் நான் பிடிமானத்துக்காக இறுகப் பிடித்துத் திருகியிருக்கிறேன். முன்னால் குருவி புகைபோல ஒரு கறை. பின்னால் ஒரு வெள்ளாடு, தாடி மயிரை எண்ணலாம்போல. ஒன்றாம் படத்தில் பன்னிரண்டு கோஸ், பத்தாம் படத்தில் எட்டு, முப்பத்தாறில் ஒன்றுமில்லை. ஓரத்தில் திறந்த கேட்டு, அதன் செங்கல்லோடு.

எஞ்சினியர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு படம் விடாமல் பார்த்தார்.

"கை ஆடவே இல்லையே" என்றார்.

அன்று சாயங்காலம், வேலை திரும்பக் கிடைத்திருந்த மாரப்பனிடம் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நான் கொண்டுபோன ஆட்டுப் படத்தை அவர் வாங்கிப் பார்த்தார்.

"போனாப் போகுதுங்க சாமி. முயலைப் படம் புடிச்சிருந்தா எம்பொழப்பு போயிருக்கும்."

என் வேலை எப்படியோ நிரந்தரமாயிற்று. கேமராவை மட்டும் அதன்பின் எஞ்சினியர் என் கண்ணில் காட்டவில்லை. என் கல்யாணத்துக்கு ஆட்டுப் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அனுப்பினார். கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்களிடம் என் மனைவி அதை "இவர் எடுத்த தேன்சிட்டுங்க" என்று காட்டுவாள். அவர்களும் மரியாதைக்கு ஆட்டின் காதோரமெல்லாம் தேடுவார்கள்.

கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தேன் என்று நான் அடித்துச் சொல்லும்போது அவள் மறுத்துப் பேசுவதில்லை. சுவரில் இருக்கும் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போகிறாள். பெரும்பாலும் கதவு திறந்துதான் இருக்கிறது.