ஒரே கதவுள்ள அரங்கம்

எம். புதுப்பட்டி
பிப்ரவரி 2004

அன்புள்ள மாப்பிள்ளை லட்சுமிகாந்தத்துக்கு மச்சான் தனுஷ்கோடி எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா பாலம்மாளும் உடம்பளவில் நலம். மனதளவில் நான் இல்லை. மதுரையில் உன் வீட்டார் இரண்டளவிலும் நலமாக இருக்க இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். போன் அடுப்படிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அடுப்படியில் உன் அக்கா இருக்கிறாள்.

விஷயம் இதுதான். என் மகள் மாரீஸ்வரி என்னோடு பேசுவதில்லை. விடுதிக்குப் போன் போட்டால், "குளிக்கப் போயிருக்கா அங்கிள்" என்று யாரோ ஒரு பிள்ளை சொல்கிறது. எந்த நேரத்தில் போட்டாலும் குளிக்கிறாள். மதுரையில் தண்ணீர்ப் பஞ்சம் என்று நீதான் எழுதியிருந்தாய்.

அவளை எம்.ஏ. வரலாற்றில் சேர்க்கச் சொன்னது நீ என்பதால் முழுவதையும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். சேர்ந்ததிலிருந்து அவள் வகுப்பில் உட்கார்ந்ததாக எனக்குத் தகவல் இல்லை. ஒரு வாரம் திரைப்படக் கழகம், மறுவாரம் கல்வெட்டு பார்க்கப் பயணம், அதற்கடுத்துத் தோல்பாவைக்கூத்துப் பட்டறை. கேட்டால், "அதெல்லாமும் படிப்புதாம்ப்பா" என்பாள். போன வெள்ளிக்கிழமை துறையில் கலைவிழா, நாடகத்தில் நடிக்கிறேன் என்று கூப்பிட்டாள். சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். அவள் வேடம் போட்டுக்கொண்டிருந்ததால் கூடப் படிக்கிற பிள்ளைகள் ஓலைச்சுவடி நூலகத்தைச் சுற்றிக் காட்டின. கூரைவரை காய்ந்த ஓலையும் பழைய காகிதமும். ஒரு பொறி விழுந்தால் போதும். "இங்கன மணல் வாளி எங்க இருக்கு?" என்று நூலகத்து அம்மாவிடம் கேட்டேன். அந்த அம்மா எனக்கு வாந்தி வருகிறதென்று நினைத்து வாசலுக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுத்தார்.

பிறகு அரங்கம். நான் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அறைக்கு நாலு பேர்தான் எங்கள் கணக்கு, ஐந்தாவது ஆள் எட்டிப் பார்த்தாலே சத்தம் போடுவேன். அங்கே ஜன்னல் மேலெல்லாம் ஏறி நானூறு பேர். தாமதமாக வருகிறவர்கள் தொந்தரவு செய்யக்கூடாதென்று, இருந்த ஒரே கதவையும் பேராசிரியர் கனகசபாபதி தாழ் போட்டார். அதற்குப் பிறகு நான் நாடகத்தைப் பார்க்கவே இல்லை, கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் ஒருவன் தீப்பந்தத்தோடு வந்தான். திரைக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. "எல்லாரும் வெளிய போங்க, செருப்பத் தேடாதீக" என்று கத்திக்கொண்டே தாழ்ப்பாளைப் பிடுங்கிவிட்டேன். மேடையில் ஏறி, பட்டுப்பாவாடையும் பூச்சு முகமுமாக நின்ற நம் பிள்ளையை இழுத்து வந்து சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் விட்டுவிட்டு, மற்றவர்களை வெளியேற்றத் திரும்ப ஓடினேன். அது ஏதோ பனிக்கட்டிப் புகையாம். "அது சுடாதுங்கய்யா, குளிரும்" என்றார் கனகசபாபதி. நான் வந்து பார்த்தபோது பிள்ளையைக் காணவில்லை. விடுதி வாசலில் இருட்டும்வரை நின்றேன். வரவில்லை.

பல மாதம் ஒத்திகை பார்த்த நாடகமாம், என்னால் நின்றுபோனது. மாப்பிள்ளை, அவள் பேசாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ தாய்மாமன், உன் பேச்சைக் கேட்பாள். நேரில் போய், "உங்கப்பா செஞ்சது தப்புதான், ஆனா அம்புட்டுக் கூட்டத்துலயும் முதல்ல உன்னத்தான தேடி வந்தாரு" என்று சொல். அதைச் சொன்னால் மனம் இளகுவாள்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நன்றாகப் படித்து முன்னுக்கு வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் மச்சான்
தனுஷ்கோடி

பி.கு.: உறையை ஒட்டும்போது மாரீஸ்வரியே போன் போட்டாள். நாடகம் நின்றதில் அவளுக்கு வருத்தமே இல்லையாம், அடுத்த வாரம் மறுபடி போடுகிறார்களாம். நான் இழுத்துக்கொண்டு ஓடியது ரோஷினி என்கிற கோயம்புத்தூர்ப் பிள்ளையை. நம் பிள்ளைக்கு அன்று ராஜா வேடம், பெரிய மீசை. அப்பா வருகிறார் என்று மேடை நடுவில் நின்றிருக்கிறாள். நான் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, "ஏலே, வழிய விடுலே" என்று தள்ளிவிட்டுப் போனேனாம். இதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். ஆகையால் நீ கட்டாயம் போ. மேலே சொல்லச் சொன்னதை மட்டும் சொல்லிவிடாதே.