அடுத்தவர் முட்டிக்காக ஓடிய மனிதர்

அடுத்தவர் முட்டியின் மேல் ரன்னருக்கு இருந்த அக்கறை, உலகத்தில் எந்த எலும்பு டாக்டருக்கும் இருந்ததில்லை. டாக்டராவது நாம் தேடிப் போய் உட்கார்ந்தால்தான் கேட்பார். ரன்னர் நம்மைத் தேடி வந்து கேட்பார். கேன்டீனில் சாம்பார் வாளிக்குக் கையை நீட்டும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வரும், "முட்டி எப்படிங்க இருக்கு?" என்று. அதுவரை நன்றாக இருந்த முட்டி அந்த நிமிஷமே லேசாக வலிக்க ஆரம்பிக்கும்.

துவாக்குடிப் பக்கம் பாய்லருக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எங்களுக்கு வேலை. அவர் ஸ்டோர்ஸில், நான் வெல்டிங் பிரிவில். இருவருக்கும் வீடு ஸ்ரீரங்கத்தில், ஒரே வீதியில். பெற்றவர்கள் அவருக்கு நல்ல பெருமாள் பெயராகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். செக்யூரிட்டியில் ஆரம்பித்து மேனேஜர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் ரன்னர்தான்.

காரணம் எங்கள் கிரிக்கெட் அணி. அணி என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். கேப்டன் மணவாளன் குனிந்து ஷூ லேஸ் கட்டிவிட்டு நிமிர்வதற்குள் எதிரணி டாஸ் போட்டுவிடும். தொடக்க ஆட்டக்காரர் சேகர் பந்தை அடிப்பதில் மன்னன். ஓடச் சொன்னால்தான் முகம் சுருங்கும். இப்படிப்பட்டவர்களுக்காகவே கிரிக்கெட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. அடிப்பவருக்குக் கால் சரியில்லை என்றால் அவர் அடித்துவிட்டு நின்றுகொள்ளலாம். அவருக்காக இன்னொருவர் ஓடுவார். அவருக்குத்தான் ரன்னர் என்று பேர். ஓடி முடித்ததும் அவர் பிட்ச்சை விட்டு விலகி, பக்கவாட்டில் நிற்கும் அம்பயர் அருகே போய் நிற்க வேண்டும். பெரிய ஆட்டங்களில் இந்த ஏற்பாட்டை எப்போதோ ஒழித்துவிட்டார்கள். திருச்சியில் முட்டிகள் ஒழியவில்லை என்பதால் நாங்கள் அதை விடவில்லை.

எங்கள் அணியில் அந்த வேலை பன்னிரண்டாவது ஆளான இவருக்கு. பதினொருவரில் சேராத ஆள் ரன்னராக ஓடக் கூடாது என்று சட்டம் தெரிந்த அம்பயர்கள் சிலர் ஆட்சேபித்துப் பார்த்தார்கள். ரன்னர் மட்டையோடும் பேடோடும் தங்கள் பக்கத்தில் வந்து நின்று, வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல சார், மோர் சாப்பிடறீங்களா என்று அன்பாக விசாரித்ததும் விட்டுவிட்டார்கள். பல வருஷங்கள் அவர் அப்படி நின்றார். பொன்மலைப் பக்கம் நாங்கள் ஆடும் மைதானத்தில் அவர் நிற்கும் இடத்தில் மட்டும் புல் முளைக்காமல் போய்விட்டது. சேகருக்காக ஓடினார், கேப்டனுக்காக ஓடினார், எப்போதாவது மட்டையில் பந்து பட்டுவிட்டால் எனக்காகவும் ஓடினார். ஓடிய ரன் எல்லாம் அடித்தவர் பேரில் ஏறியது. ரன்னர் பேரில் ஒரு ரன்கூட இல்லை. ஏனென்றால் ஒரு ஆட்டத்தில்கூட அவரை மட்டை பிடிக்கவிட்டதில்லை.

ஆனால் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் தயாராக இருக்க வேண்டும் என்பதில் மனிதர் பிடிவாதமாக இருந்தார். உடம்பை நகைக்கடைக்காரர் நகையைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டார். வீட்டில் கேஸ் சிலிண்டரை அவர் மனைவிதான் உருட்டி வர வேண்டும். தேங்காய் உடைக்கப் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். கல்யாணங்களில் யார் கை நீட்டினாலும் குலுக்காமல் கும்பிட்டுவிடுவார். தீபாவளிக்குத் துணி எடுக்க மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்குக் குடும்பத்தோடு போனால், கூட்டத்தில் யாராவது காலை மிதித்துவிடுவார்கள் என்று பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே நின்றுவிடுவார். மாமியாரும் மனைவியும் மூட்டை தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது, பத்திரமா வந்தீங்களா என்று கேட்பார்.

இதில் ஒரு கோளாறு. அடிபட்டவர் ஒதுங்கினால்தான் பன்னிரண்டாவது ஆளுக்கு வாய்ப்பு. ரன்னரோ அடிபட்டவரை ஒதுங்கவே விட மாட்டார். ஒரு முறை ஆட்டத்துக்கு முந்தின நாள் சேகருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஐஸ் கட்டியும் தைலமுமாக ரன்னர் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டார். உருவி, கட்டுப் போட்டு, காலையில் சேகரை எழுப்பி நடக்க வைத்து மைதானத்துக்கு அழைத்து வந்தார். சேகர் அன்றைக்கு அரை சதம் அடித்தார். ஓடியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. "ஏங்க ரன்னர், நீங்க பேசாம இருந்திருந்தா இன்னைக்கு நீங்களே ஆடியிருக்கலாமே" என்றேன்.

"அது நல்லாவா இருக்கும்? அவர் வலியில படுத்திருக்க, நான் போய் அவர் இடத்துல நிக்கிறது."

"அப்ப எதுக்கு எல்லார் முட்டியையும் விசாரிச்சுக்கிட்டே இருக்கீங்க?"

அவர் ஜன்னல் வழியாகக் காவிரியைப் பார்த்தார். "விசாரிக்கறதுல தப்பில்லையே" என்றார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு நாள் நிர்வாகம் புது முடிவு எடுத்தது. அடுத்த வருஷத்திலிருந்து அணியில் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள்தான் இருக்க வேண்டுமாம். அதாவது இந்த வருஷக் கோப்பையின் இறுதி ஆட்டம்தான் எங்கள் எல்லாருக்கும் கடைசி ஆட்டம். மற்றவர்கள் முட்டிக்கு விடுதலை என்று சந்தோஷப்பட்டார்கள். ரன்னர் மட்டும் கேன்டீனில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். என்ன என்று கேட்டேன். வீட்டில் மனைவி கேட்டுவிட்டாராம், இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வெயிலில் போய் வருகிறீர்களே, மொத்தம் எத்தனை ரன் அடித்திருக்கிறீர்கள் என்று. பேச்சை மாற்ற ரன்னர் அன்றைக்குச் சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார்.

"நூறெல்லாம் ஆசை இல்லீங்க. என் பேர்ல ஒண்ணே ஒண்ணு இருந்தா போதும்" என்றார். எனக்கு அன்றைக்கு அவரைக் கேலி செய்யத் தோன்றவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர். துறையூர், திருவெள்ளறைப் பக்கத்திலிருந்து கிராமம் கிராமமாக ஜனங்கள் வந்து வீதியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஸ்ரீரங்கத்துக்காரன் தேர் அன்றைக்கு வடம் பிடிக்காமல் வீட்டில் இருப்பதா என்று கேப்டன் மணவாளனும் சேகரும் முன்வரிசைக்குப் போய்விட்டார்கள். ரன்னர் தூரத்தில் ஒரு கடைப் படியின் மேல் ஏறி நின்று கும்பிட்டார். "பெருமாள் தப்பா எடுத்துக்க மாட்டாரு, நாளைக்கு மேட்ச்னு அவருக்கே தெரியும்" என்று என்னிடம் விளக்கம் வேறு.

தேர் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தபோது, முன்னால் இழுத்த ஒரு திடகாத்திரமான விவசாயி ஓரடி பின்னால் வந்தார். அவருடைய முழு எடையும் கேப்டனின் வலது கால் கட்டைவிரலில் இறங்கியது. கேப்டன் அலறிக்கொண்டு சேகர் மேல் சாய, சேகர் தோள்பட்டை விலகும்படி விழுந்தார். தேர் நல்லபடியாக நிலைக்கு வந்து சேர்ந்தது. எங்கள் அணியின் இரண்டு பெரிய ஆட்டக்காரர்களும் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ரன்னர் சும்மா இருந்தாரா? தைலப் பாட்டிலோடு இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி அலைந்தார். மறுநாள் காலையில் மைதானத்தில் கேப்டன் ஷூவுக்குள் காலை நுழைக்கப் பார்த்தார். கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி இருந்தது. ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரன்னர், நீங்கதான் ஆடணும் என்றார்.

பல வருஷம் காத்திருந்த மனிதர் சொன்னதைக் கேளுங்கள். "கேப்டன், இன்னொரு தடவை காலை ஊனிப் பாருங்களேன்."

சேகர் இடத்துக்கு வேன் டிரைவர் அல்போன்ஸைப் பிடித்துப் போட்டோம். அல்போன்ஸுக்குக் கிரிக்கெட்டில் தெரிந்தது, பந்து வந்தால் அடிக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

ரன்னர் ஏழாவதாக இறங்கினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒன்று சொல்ல வேண்டும், இத்தனை வருஷம் பக்கவாட்டிலிருந்து நல்ல ஆட்டத்தைப் பார்த்த பலன் அவரிடம் தெரிந்தது. இடது காலை முன்னால் வைத்து, தலையைக் குனிந்து அவர் முதல் பந்தைத் தடுத்த அழகில் எதிரணிக்காரர்களே கை தட்டினார்கள். இரண்டாவது பந்தையும் அதே மாதிரி தடுத்தார். மூன்றாவதையும் தடுத்தார். அதற்குப் பிறகும் தடுத்துக்கொண்டேதான் இருந்தார். அடிக்கலாம் என்ற யோசனையே அவருக்கு வரவில்லை. எதிர்முனையில் ஒவ்வொருவராக அவுட் ஆகிப் போனார்கள். நடுவில் அல்போன்ஸ் வந்து, வேன் கண்ணாடி துடைக்கும் அதே வீச்சில் நாலைந்து பந்துகளை வேலிக்கு வெளியே அனுப்பிவிட்டு, ஸ்டம்ப் பறந்த பிறகும் எதற்காகப் போகச் சொல்கிறார்கள் என்று புரியாமல் போனார்.

கடைசி ஆளாக நான் போனபோது ஜெயிக்க மூன்று ரன் வேண்டும். ரன்னர் பேரில் இன்னும் பூஜ்யம். எனக்குக் கோப்பையை விட அந்தப் பூஜ்யம்தான் கவலையாக இருந்தது. அவர் காதருகே போய், "ரன்னர், வீட்டுல கேட்பாங்க. ஒண்ணே ஒண்ணு அடிங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். அடுத்த பந்து காலருகே வந்தது. ரன்னர் முதல் முறையாக மட்டையைச் சுழற்றினார். பந்து இரண்டு ஆட்களுக்கு நடுவில் புகுந்து ஓடியது. அவரும் ஓடினார். ஓட்டம் என்றால் அதுதான் ஓட்டம். முதல் ரன்னை முடித்துத் திரும்பி, பாதி வழியில் இருந்த என்னை வாங்க வாங்க என்று அழைத்துக்கொண்டே இரண்டாவதையும் முடித்துவிட்டார். நான் நாக்குத் தள்ள என் முனையில் விழுந்தேன். இரண்டு ரன். இரண்டு அணியும் சமம். இன்னும் ஒன்று எடுத்தால் கோப்பை எங்களுக்கு.

தலையைத் தூக்கிப் பார்த்தால் ரன்னர் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கோட்டைத் தாண்டிக் குறுக்கே நடந்து, பக்கவாட்டில் நின்ற அம்பயர் அருகில், அந்தப் புல் முளைக்காத இடத்தில் போய் நின்று, நெற்றி வியர்வையை வழித்துவிட்டார். பந்து அப்போதுதான் விக்கெட் கீப்பர் கைக்கு வந்து சேர்ந்தது. கீப்பர் அவரைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், தயங்கித் தயங்கி ஸ்டம்பைத் தட்டினார்.

"என்ன சார், இங்க வந்துட்டீங்க?" என்று கேட்டார் அம்பயர்.

"நான் எப்பவும் இங்கதானே சார் நிப்பேன்" என்றார் ரன்னர்.

அம்பயர் மனசே இல்லாமல் விரலைத் தூக்கினார். ஆட்டம் சமமாக முடிந்தது. கோப்பையை ஆளுக்கு ஆறு மாசம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். திட்டுவதற்காக நொண்டிக்கொண்டே மைதானத்துக்குள் வந்தார் கேப்டன். அவர் வாயைத் திறப்பதற்குள் ரன்னர் பயந்துபோன முகத்தோடு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கேப்டன், நான் அவுட் ஆனாலும், அந்த ரெண்டு ரன்னும் என் பேர்லதானே?"

கேப்டன் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, "உங்க பேர்லதான் ரன்னர். யாரும் பிடுங்க முடியாது" என்றார். அன்றைக்குப் பஸ்ஸில் காவிரிப் பாலம் வரும்வரை ரன்னர் போனில் மனைவிக்கு அந்த இரண்டு ரன்னையும் விவரித்துக்கொண்டே வந்தார். அவுட் ஆன விதத்தைச் சொன்னதாக எனக்குக் கேட்கவில்லை.

நாங்கள் யாருமே இப்போது ஆடுவதில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். தைலப் பாட்டிலோடு ரன்னர் நிற்பார். "முட்டி எப்படிங்க இருக்கு?" என்பார்.

உண்மையைச் சொன்னால், என் முட்டி இப்போது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வராமல் இருந்துவிடுவாரோ என்று, லேசா வலிக்குதுங்க என்று காலை நீட்டிவிடுகிறேன்.